கப்பலில் வந்தவன் எஸ்.சி., தோணியில் வந்தவன் அகதி

கோவையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பத்து நாற்காலி. கீழே முதல் வரிசையில் முகாம் பிள்ளைகள் பதினான்கு பேர், இஸ்திரி போட்ட யூனிபாரத்தில். ஓர் அறக்கட்டளை அவர்களுக்குப் படிப்புதவி கொடுக்கிறது. ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய். கதவளவு அட்டையில் காசோலையை அச்சடித்து வைத்திருந்தார்கள். போட்டோவில் விழ வேண்டும் அல்லவா. பிள்ளைகளைக் கூட்டிப் போன பொறுப்பு என்னுடையது. தலைமை தாங்கிய மில் முதலாளி பேசினார்: "நீங்கெல்லாம் நல்லாப் படிச்சு முன்னுக்கு வரோணும். நாட்டுக்குப் பேரு வாங்கிக் குடுக்கோணும்." எல்லாரும் கைதட்டினோம். என் பக்கத்தில் இருந்தவள், பத்தாம் வகுப்பில் முகாமிலேயே முதல் மார்க் வாங்கியவள், காதுக்குள் கேட்டாள்: "எந்த நாட்டுக்கு அக்கா?"

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். மேடையில் பேசத் தெரிந்தவள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நன்றியுரை வாசிக்க வேண்டும். எழுதித் தயாராகக் கொடுத்திருந்தார்கள். "எங்களை வாழ வைக்கும் தெய்வங்களே" என்று ஆரம்பித்தது அந்தத் தாள். அவள் தடுமாறாமல் வாசித்தாள்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் அருந்ததியர் காலனியில் பிறந்தவள். அப்பா தெருக் கூட்டினார். அம்மா தோட்டத்துக் கூலி. ஆறாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. முடிக்கிற வரை அரசு விடுதிச் சோறும் அரசு உதவித்தொகையும் என்னை நடத்தின. சோறு எப்படி இருந்தது, பணம் எந்த மாசம் வந்தது என்பதெல்லாம் வேறு கதை. ஆனால் ஒன்றைச் சொல்வேன். அந்தப் பணத்துக்காக நான் எந்த மேடையிலும் ஏறி எவனையும் தெய்வம் என்று சொன்னதில்லை. சாதிச் சான்றிதழை நீட்டினேன், கையெழுத்துப் போட்டேன், வாங்கினேன். அது எனக்குச் சேர வேண்டிய பணம். பல தலைமுறை உழைப்பை உறிஞ்சிக்கொண்ட சமூகம் திருப்பித் தருகிற கடனில் ஒரு துளி. அதை உரிமையாக்கிக் கொடுத்தவர் அம்பேத்கர். எனக்கு உரிமையாக வந்தது, இந்தப் பிள்ளைக்கு ஏன் பிச்சையாக வருகிறது? இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான்.

கொங்குச் சீமையில் இருக்கிற வாசகர்களுக்கு முகாம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பூலுவப்பட்டி, பவானிசாகர், அறச்சலூர், திருமுருகன்பூண்டி என்று பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்கள். 2012 வரை வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர் என்று அரசுக் கணக்கு. பாதிக்கு மேல் திரும்பியோ வேறு நாடு தேடியோ போய்விட்டார்கள். 2021 கணக்குப்படி 108 முகாம்களில் 18,944 குடும்பம், 58,822 பேர். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் என்று ஆரம்பித்தது. தாத்தா காலத்தில் போட்ட கூரைக்குக் கீழே பேத்தி படிக்கிறாள். 2021இல் அரசு பேரை மாற்றியது. இனி அகதிகள் முகாம் இல்லை, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவோம் என்றார்கள். பல இடங்களில் கட்டியும் கொடுத்தார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் கொடுக்கிற பணத்தையும் கூட்டினார்கள். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் 500. இந்தப் பணத்துக்கு அரசு ஏட்டில் என்ன பேர் தெரியுமா? 'பணக்கொடை'. கொடை! கொடுப்பவன் வள்ளல், வாங்குகிறவன் இரப்பவன் என்று பேரிலேயே எழுதியாகிவிட்டது.

இனி படிப்புக்கு வருவோம். அதே 2021 அறிவிப்பில் முகாம் மாணவர்களுக்கான உதவித்தொகையும் உயர்ந்தது. பாலிடெக்னிக்குக்கு ஆண்டுக்கு 2,500 இருந்தது 10,000 ஆனது. கலை அறிவியல் பட்டப்படிப்புக்கு 3,000 இருந்தது 12,000. தொழிற்படிப்புக்கு 5,000 இருந்தது 20,000. நல்ல காரியம். 1991இல் ராஜீவ் கொலைக்குப் பிறகு அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைச் சாத்தி, 1996இல் ஆட்சி மாறிய பிறகுதான் திறந்தார்கள். அந்தக் காலத்தோடு பார்த்தால் பெரிய காரியம்கூட. ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எல்லாமே பள்ளிக்கூடம் முடித்தவனுக்கு. பள்ளிக்கூடத்தை முடிக்காமலே போகிறவனுக்கு?

நான் முகாமுக்குப் பக்கத்தில் மாலை வகுப்பு எடுக்கிறவள். எனக்குத் தெரிந்த கணக்கு இது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். மதியச் சோறு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பையனுக்கு உயரம் வந்துவிடுகிறது. உயரம் வந்தால் ஏணியில் ஏறலாம். முகாம் ஆண்களுக்கு இந்த நாடு கொடுத்திருக்கிற தொழில் பெயிண்ட் அடிப்பது. கோவையிலும் திருப்பூரிலும் பளபளவென்று நிற்கிற பங்களாக்களில் பாதிக்குப் பூசிய கை முகாம் கைதான். கையாளாகப் போகிற பையனுக்கு நாளைக்கு அறுநூறு ரூபாய். ஆறு நாள் போனால் 3,600. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு தாய் தகப்பனுக்கு மாசம் முழுக்க வருகிற பணக்கொடை 3,500. இந்தக் கணக்கைப் போடத் தெரியாத தகப்பன் உண்டா? "படிச்சாலும் இந்தப் பிரஷ்தானே அக்கா" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். பதினாலு வயசு. அவன் அண்ணன் டிகிரி முடித்தவன். அவனும் பெயிண்ட்தான் அடிக்கிறான், அரசு வேலைக்கு மனுப் போட அவன் குடிமகன் இல்லை. பெண் பிள்ளை என்றால் வயசுக்கு வந்ததும் ஒரு யோசனை, பத்தாம் வகுப்பு முடிந்ததும் இன்னொரு யோசனை. பெரிய ஊரில் விடுதியில் சேர்த்துவிடலாம் என்றால், பதிவுக்கு ஆள் முகாமில் இருக்க வேண்டும், வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும், செக்கிங் நாளில் ஆள் இல்லாவிட்டால் கொடைப் பணம் என்னாகும் என்ற பயம்.

ஆக, பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வாசலில் விழுகிறது. உதவித்தொகை கல்லூரி வாசலில் மாலையோடு நிற்கிறது. இது இங்கே மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. உலகம் முழுக்க அகதிப் பிள்ளைகளில் தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் நூற்றுக்கு 65 பேர், மேல் வகுப்புகளில் 41 பேர் என்று ஐ.நா. அகதிகள் ஆணையமே 2023இல் சொன்னது. இடையில் உதிர்கிற பிள்ளைகள்தான் பெரிய கூட்டம். ஆனால் அந்த ஆணையத்தின் பேர் பெற்ற உதவித்தொகை, ஐன்ஸ்டீன் பேரில் 1992இலிருந்து நடப்பது, பல்கலைக்கழக மாணவர்களுக்கு. கொடுக்கிறவர்களுக்கு ஜெயித்து வந்தவனைப் பிடிக்கிறது. தோற்கப்போகிறவனைத் தோற்காமல் தாங்குவதில் போட்டோ இல்லை. நம்மூர் அறக்கட்டளைகளும் அப்படித்தான். "முதல் மார்க் யாருங்க? அவங்களுக்குக் குடுக்கலாமுங்க." முதல் மார்க் வாங்கியவள் எப்படியும் படித்துவிடுவாள் ஐயா. 35 மார்க்கில் தொங்குகிறானே, அவனுக்கல்லவா கயிறு வேண்டும்!

இதுவரை சொன்னதை எந்த நல்ல மனசுக்காரரும் ஒத்துக்கொள்வார். இனிமேல் சொல்லப்போவதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன் தம்பி இருவர். நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் தாது வருசப் பஞ்சத்தில், 1876-78இல் கோவையும் சேலமும் செத்து விழுந்த காலத்தில், கங்காணி பின்னால் போனவர்கள். போனவர்கள் யார்? காணி வைத்திருந்தவனா போனான்? குழி நிலம் இல்லாத பறையரும் பள்ளரும் சக்கிலியருமே அதில் பெரும்பகுதி. அவர்கள் மலையைச் சீமையாக்கினார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு ஏழு லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அந்த அரசில் அதே ஆண்டே அமைச்சராகப் போய் உட்கார்ந்தவர் ஜி.ஜி. பொன்னம்பலம், தமிழர் தலைவர். அந்தக் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் செல்வநாயகம். இரண்டையும் சொல்ல வேண்டும். பிறகு 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து இந்தச் சனங்களைப் பங்கு போட்டார்கள். உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம். 1974இல் இந்திரா வந்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாக வகிர்ந்தார். ஆட்டு மந்தையைப் பிரிக்கிறபோதுகூடக் குட்டியைத் தாயோடு விடுவார்கள்.

அண்ணனுக்கு முதலில் சீட்டு வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் வழியாக நீலகிரிக்குப் போனார். தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968 முதல் உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. தம்பி 1977 கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடினார். இந்தியாவுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். 1984இல் கப்பல் நின்றுபோனது. 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது இருந்ததை விற்று, தோணிக்காரனுக்குக் கொடுத்து, ராமேசுவரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அதே மண்டபம். ஆனால் இந்த முறை 'அகதி' என்று எழுதினார்கள்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இன்று அண்ணன் பேரன் கையில் எஸ்.சி. சான்றிதழ் இருக்கிறது. அலைந்து திரிந்து, தாய்நாடு திரும்பிய பத்திரங்களைக் காட்டி வாங்கியது. ஒன்பது, பத்தாம் வகுப்பு எஸ்.சி. பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு 2012இல் தொடங்கிய உதவித்தொகை அவனுக்கு உண்டு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து அடுத்தது உண்டு. விடுதி உண்டு, இடஒதுக்கீடு உண்டு. தம்பி பேத்திக்கு எதுவும் இல்லை. இந்தியக் குடிமகன் இல்லையே! தோழர்களே, அவள்தான் மண்டபத்தில் என் காதுக்குள் கேட்டவள். முகாம்களில் இப்படிப்பட்ட மலையகத்து வம்சத்தார் சுமார் 29,500 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பாதிக் கூட்டம்.

கப்பலில் வந்தால் எஸ்.சி., தோணியில் வந்தால் அகதி. இது எந்தச் சட்டத்து நியாயம்?

அரசாங்கம் இவர்களுடைய சாதியை மறந்துவிட்டது. ஊர் மறந்ததா? முகாமுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் கேளுங்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மலையகம் என்று சொன்னதும் இரண்டாவது கேள்வி தேவைப்படுவதில்லை, சொம்பு உயரத்துக்குப் போய்விடுகிறது. அள்ளிக் குடிக்க முடியாது, கையேந்தித்தான் குடிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் நானே பார்த்தேன். ஆசிரியர் பட்டியல் எடுக்கிறார்: "எஸ்.சி. பசங்க எந்திரிங்க." எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். "முகாம் பசங்க எந்திரிங்க." எழுந்தார்கள். முதலில் எழுந்த பையன்களுக்கு விண்ணப்பம் கொடுத்தார். இரண்டாவது எழுந்தவர்கள் சும்மா எண்ணப்பட்டார்கள், உட்கார்ந்தார்கள். தீண்டாமையில் பங்கு உண்டு, அதற்கான ஈட்டில் பங்கு இல்லை. சாதியின் வலி மட்டும் எல்லை தாண்டி வந்திருக்கிறது, உரிமை கடலில் விழுந்துவிட்டது.

"தமிழன் என்று பாருங்கள், அகதிக்குள்ளே சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்று தமிழ்த் தேசியத் தோழர்கள் சொல்வார்கள். மே மாதமும் நவம்பர் மாதமும் கூட்டம் போட்டுச் சொல்வார்கள். சாதியை நாங்களா கொண்டு வந்தோம்? யாழ்ப்பாணத்தில் 1929-30இல் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக உட்கார வை என்று உத்தரவு வந்தபோது, அதைத் தாங்க முடியாமல் பள்ளிக்கூடங்களையே கொளுத்தியவர்கள் சிங்களவர்கள் இல்லையே. அந்த மண்ணின் பஞ்சமர் கதையை எழுதிய கே. டானியல் தஞ்சாவூரில்தான் 1986இல் செத்தார். ஈழத்தின் துயரம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருங்கதைக்குள் லயத்துக்காரனின் கதை அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

அடுத்து நம்மவர்கள். இதைச் சொல்லத்தான் அதிகம் வலிக்கிறது. எங்கள் காலனியில் ஒரு பெரியவர், இயக்கத்தில் நாற்பது வருசம் இருந்தவர், என்னிடம் சொன்னார்: "ஏம்புள்ள, நம்ம புள்ளைகளுக்கே ஒழுங்கா வந்து சேர்ல. இதுல அவிங்களுக்கும் பங்கு வைக்கோணுமா?" நான் கேட்டேன்: "மாமா, இதே வார்த்தையைத்தானே பண்ணாடி நம்மளைப் பாத்துச் சொல்றாரு?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ சொல்றதும் நாயந்தான், ஆனா இருக்கறதே துளியூண்டுதானே" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். இருக்கிற பங்கில் கை வைக்கச் சொல்லவில்லை. தனியாகச் சேர்த்துக் கேட்போம் என்கிறேன். ஆள் கூடினால் பங்கும் கூட வேண்டும் என்பது நமக்குத் தெரியாத அரசியலா? பஞ்சத்தில் போன நம் பாட்டியின் தங்கச்சி வம்சம் திரும்பி வந்து பூலுவப்பட்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரல் 14க்குச் சிலைக்கு மாலை போடப் போகிற வழியில்தான் அந்த முகாம்கள் இருக்கின்றன. நம் பஸ் நிற்பதில்லை.

அம்பேத்கரை நினைத்துக்கொள்வோம். 1913இல் பரோடா மகாராஜா கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று வருசத்துக்கு. அதை வைத்துத்தான் கொலம்பியா போனார். 1917இல், ஒப்பந்தப்படி வேலை செய்ய அதே பரோடாவுக்குத் திரும்பினார். அமெரிக்காவில் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்து இரவு ரயிலைப் பிடித்தார். பின்னால் இதை எழுதியபோது அந்த நினைவுகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பேர் நின்றது. சொந்த நாட்டில் விசாவுக்குக் காத்திருந்தவர் அவர். இந்தப் பிள்ளைகள் நிசமாகவே விசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். உதவித்தொகை மட்டும் கொடுத்துவிட்டுத் தங்க இடம் கொடுக்காத பரோடாதான் இன்றைய இந்தியா.

குடியுரிமைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 சூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு வந்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் வாசலைக் குறுக்கின. 2003 திருத்தத்துக்குப் பிறகு இவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையும் இங்கே பிறந்தது, பலபேருக்குத் தாய் தகப்பனும் இங்கே பிறந்தவர்கள். எந்த எல்லையை எப்போது தாண்டினார்கள்? 2019 சூன் 17இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான் உண்டு, வங்கதேசம் உண்டு, ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை மட்டும் இல்லை. 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாதாம். உன்னைச் செயிலில் போட மாட்டேன் என்பது வேறு, நீ என் மகள் என்பது வேறு.

குடியுரிமை டில்லியின் கையில் இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய என்று சென்னை சொல்லும். குடியுரிமை டில்லி கையில். உதவித்தொகை சென்னை கையில்தானே? ஒன்றிய அரசின் திட்டத்தில் குடிமகன் என்ற நிபந்தனை இருந்தால், மாநிலம் தன் பணத்தில் தன் திட்டத்தைப் போடட்டும். கல்லூரிக்குப் போட முடிந்தவர்களால் ஒன்பதாம் வகுப்புக்கும் போட முடியும்.

ஆகவே கேட்கிறோம். முகாமில் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், மார்க் பார்க்காமல், பன்னிரண்டு முடிகிற வரை மாதாமாதம் உதவித்தொகை. தாயின் கணக்கில். அது பையனின் ஏணிக் கூலியை மறக்கச் செய்கிற அளவுக்கு இருக்க வேண்டும், பேனா வாங்குகிற அளவுக்கு இருந்தால் போதாது. வெளியூர் விடுதியில் படிக்கிற பிள்ளைக்கு முகாம் பதிவு தானாகத் தொடர வேண்டும். மலையக வம்சாவளியில் தாயகம் திரும்பிய உறவுக்காரருக்கு என்ன சாதிச் சான்றிதழோ அதுவே முகாமில் இருக்கிறவருக்கும். இதெல்லாம் கிடைக்கிற வரை உதவி செய்கிற நல்லவர்கள் செய்யுங்கள், தடுக்கவில்லை. அந்த அட்டைக் காசோலையையும் நன்றியுரைத் தாளையும் மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வருகிற சூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது, உங்கள் ஊருக்குப் பக்கத்து முகாமுக்குப் போங்கள். போன வருசம் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த வருசம் ஒன்பதில் எத்தனை பேர், குறைந்தவன் எந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கிறான் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பேரும் கணக்குமாக ஒரு நோட்டுப் போடுங்கள். எங்கள் முகாமுக்கு நான் போட்டு வைத்திருக்கிறேன். போன வருசம் எட்டில் பதினேழு, இந்த வருசம் ஒன்பதில் பதினொன்று. அந்த ஆறு பேரோடு ஆரம்பிப்போம்.